பச்சைப் பட்டைக்குள் நான் வைத்த புள்ளிகள்

“அக்கா, நீங்கள் வழமையா இருக்கிற பலகையில இருங்கோ.”

றீற்றா இப்படிச் சொன்னபோது அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டின் வேலிப் படலையைத் தாண்டி நான் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்தில் டொக்டர் நின்றார். அவர் கையில் பெரிய கொப்பி. அந்தக் கொப்பியில், இந்த வீட்டுக்கு நான் ஏழு தரம் வந்து போனதாக எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

றீற்றா முகவாயால் குசினி அடுப்படிப் பக்கம் காட்டினாள். சுவரோரம் ஒரு சின்னப் பலகை சாத்தி வைத்திருந்தது. நான் போய் அதை எடுத்துப் போட்டு, நாள்தோறும் வந்து இருக்கிறவள் போல இருந்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நல்ல பிள்ளையாகவே எழுதி வந்திருக்கிறேன். வன்னியில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகப் போய்ப் பிள்ளைப்பெற்ற தாய்மாரைப் பார்த்த கதையை இரண்டு கிழமைக்கு முன் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “உங்களைப் போன்றவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்” என்று கடிதம் போட்டிருக்கிறார். கடிதத்தை இரண்டு நாள் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். கும்பிட வந்த கையைத் தட்டிவிடாமல் இனிமேல் எழுத முடியாது என்று தோன்றியது.

சவர்க்காரக் காலம்

எந்த வருடம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. தொண்ணூறுகளின் முற்பாதி, போரும் பொருளாதாரத் தடையும். சவர்க்காரக் கட்டியை நூலால் அறுத்து நாலாக்கிப் பாவித்த காலம். மண்ணெண்ணெயைப் போத்தல் மூடியால் அளந்தோம். சைக்கிள் ரியூப்பில் ஒட்டுப் போட இடமில்லாமல் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டோம்.

நாங்கள் முள்ளியவளையில் இருந்தோம். ஐயாவுக்கு, என் தகப்பனாருக்கு, சொந்த ஊர் யாழ் குடாநாட்டில். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வன்னிக்கு வந்து, வயல் செய்து வேரூன்றிய குடும்பம். நான் சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். ஒரு தொண்டு நிறுவனம் தாய் சேய் தொண்டர்களைத் தேடியது. போய்ச் சேர்ந்தேன்.

வேலை சுகமானது போலத்தான் இருந்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பத்து நாளுக்குள் முதல் தரம் போக வேண்டும். பிறகு நாலு மாதத்துக்குள் இன்னும் ஆறு தரம். தாய்ப்பால் கொடுக்கிற விதம் சரிதானா, தொப்புள் காய்ந்துவிட்டதா, தாய்க்குக் காய்ச்சல் கீய்ச்சல் உண்டா என்று பார்க்க வேண்டும். பிள்ளையைத் தொங்கு தராசில் நிறுத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். அட்டை தாயிடம் இருக்கும். அதில் பச்சைப் பட்டை ஒன்று மேல்நோக்கி ஏறிப் போகும். புள்ளி அதற்குள் விழுந்தால் பிள்ளை நல்லாயிருக்கிறது. கீழே சிவப்புக்குள் விழுந்தால் ஓட வேண்டும்.

எங்களுக்கு மேற்பார்வை சறோ அக்கா. முன்னர் மருத்துவிச்சியாக இருந்தவர், பெரிய குரல்காரி. அவர் சொல்லித் தந்ததில் ஒன்று மட்டும் இன்றைக்கும் காதில் கிடக்கிறது.

“படலையில நிண்டு கதைக்காதேங்கோ பிள்ளையள். படலையில நிண்டு கேட்டா எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் மறுமொழி வரும். குசினிக்குள்ள போய்க் குந்துங்கோ. அடுப்பைப் பாருங்கோ. தாய் பால் குடுக்கேக்க பக்கத்தில இருங்கோ.”

நான் இதைக் கொப்பியில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

துடக்கு வீடு

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்த வீடு முப்பத்தொரு நாள் துடக்கு வீடு, தீட்டு வீடு. அந்த நாட்களில் கோயில் விரதக்காரர் அங்கே போகமாட்டார்கள். போனால் தலைமுழுகித்தான் தங்கள் வீட்டுக்குள் வரலாம். தொண்டர்களாகிய எங்களுக்கு இது பெரிய தலையிடி. எந்த வீட்டுக்குள் போகக் கூடாது என்று வளர்த்தார்களோ, அந்த வீட்டுக்குள் பத்து நாளுக்குள் போ என்கிறது வேலை.

மற்றத் தொண்டர்கள் ஒவ்வொருத்தியும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஒருத்தி எல்லாத் துடக்கு வீடுகளையும் ஒரே நாளில் முடித்துவிட்டு ஒரே முழுக்கில் சரிக்கட்டுவாள். இன்னொருத்தி, “சைக்கிள்ல வரேக்க காத்தில எல்லாம் போயிடும்” என்று தாயை ஏமாற்றிவிட்டு நேரே குசினிக்குள் போவாள். அவளைத்தான் கும்பிட வேண்டும், வாசகி அம்மா.

றீற்றாவுக்குப் பிள்ளை பிறந்தது அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு முன்னான நாட்களில். அண்ணன் காவடி நேர்ந்து விரதம் இருந்தான். வீடு கழுவி, மீன் மச்சம் நிறுத்தி, அம்மா என்னையே கோழி திருடப் போகிறவளைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தா.

றீற்றா கொக்கிளாய்ப் பக்கத்து வேதக்காரப் பெண், கிறிஸ்தவக் குடும்பம். சின்ன வயதிலேயே அந்த ஊரிலிருந்து எழும்பி, இடம் மாறி மாறி, கடைசியில் எங்கள் ஊர் ஒதுக்குப்புறத்தில் ஒரு தென்னங்கிடுகு வீட்டில் வந்து நின்றவள். புருசன் கடற்கரையில் மீன் வாடி போட்டுத் தொழில் செய்தான். கிழமைக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டான். தாயும் சகோதரங்களும் வேறு பக்கம் சிதறிப் போனார்கள். பிள்ளைப்பெற்ற வீட்டில் ஒரு கை தண்ணீர் அள்ளித்தர ஆளில்லை. பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் பிறந்து மூன்றாம் நாள் கட்டைவண்டியில் வீட்டுக்கு வந்ததாம்.

பத்தாம் நாள் நான் போய்ச் சைக்கிளை விட்டு இறங்காமலே படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“றீற்றா, பிள்ளை பால் குடிக்குதோ?”

“ஓம் அக்கா.”

“உமக்கு ஒண்டும் இல்லையே? காய்ச்சல், நோவு?”

அவள் வேலிக்கு வெளியே ஒழுங்கையைப் பார்த்தாள். துவாய்த் துண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். ஒழுங்கையில் இரண்டு ஆண்கள் சைக்கிளில் கதைத்துக்கொண்டு போனார்கள்.

“இல்லை அக்கா.”

“எங்கட வீட்டில விரதம் பிள்ளை. அதுதான் உள்ளுக்கு வரேல்லை. அட்டையை ஒருக்காத் தாரும்.”

படலைக்கு மேலால் அட்டையைத் தந்தாள். உள்ளே குழந்தை அழுதது. இளைத்த அழுகை. அது எனக்குக் கேட்டது, கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். தராசு சைக்கிள் கைபிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. சைக்கிளில் ஒரு கால் ஊன்றியபடி, பச்சைப் பட்டைக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். வடிவான புள்ளி.

விரதம் முடிந்த பிறகு

பொங்கல் முடிந்தது. துடக்கும் கழிந்தது. பிறகு ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதல் தரம் படலையில் நின்றவளுக்கு இரண்டாம் தரம் உள்ளே போக ஒரு காரணம் தேவைப்பட்டது. போனால் பிள்ளையை நிறுக்க வேண்டும், நிறுத்தால் முந்தின புள்ளி பொய் என்று தெரிந்துவிடும். ஒரு புள்ளியைக் காப்பாற்ற இன்னொரு புள்ளி வைத்தேன். இப்படியே ஏழு.

சவர்க்காரம் இல்லை, விரதம், வெயில் என்று காரணங்களை அடுக்கலாம். அடுக்கி முடிந்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. அதே வைகாசியில் என் மாமா வீட்டு மச்சாளுக்கும் பிள்ளை பிறந்தது. அதுவும் துடக்கு வீடுதான். அண்ணனின் விரதமும் அதே விரதம்தான். நான் மச்சாள் வீட்டுக்குள் போனேன். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தேன். மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்து பால் கொடுக்கிற விதம் காட்டினேன். திரும்பி வரும்போது கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு வந்தேன், அவ்வளவுதான். கால்துண்டுச் சவர்க்காரத்தில் பாதி போனது.

ஆகவே துடக்கு இல்லை. நாங்கள் வயல் வைத்திருக்கிற கமக்காரர், அவர்கள் கடற்கரைச் சனம். அந்த வீட்டுக் குசினியில் குந்தினால் தேத்தண்ணி தருவார்கள், வாங்கிக் குடிக்க வேண்டி வரும். என் கால் படலையோடு நின்றதற்கு அதுதான் காரணம். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. நான் உண்மையாகப் போய் வந்த வீடுகளின் அட்டைகளில் இடைவெளி இருந்தது. மழை, குண்டு விழுகிற செல்லடி, சைக்கிள் உடைந்தது என்று இரண்டு மூன்று தவறிப் போயிருந்தன. போகாத வீட்டின் அட்டைதான் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

கொப்பியோடு வந்தவர்

என் பெறாமகள், அக்காவின் மகள் ஒருத்தி, வெளிநாட்டில் இருக்கிறாள். போன மாதம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. தாதி ஒருத்தி வீட்டுக்கே வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்து கதைத்துவிட்டுப் போகிறாளாம். “இப்பிடி வீடு தேடிப் போறதில பலன் இருக்கோ இல்லையோ எண்டு இஞ்ச பெரிய ஆராய்ச்சியெல்லாம் செய்யினம் சித்தி. சில இடத்தில நல்ல பலனாம், சில இடத்தில ஒண்டும் இல்லையாம். ஏனெண்டு அவைக்கே விளங்கேல்லையாம்” என்றாள்.

அப்படி ஒரு ஆராய்ச்சிக்குத்தான் அந்த டொக்டரும் வந்தார். எங்கள் ஊரில் தொண்டர்கள் வீடு வீடாகப் போனோம். பக்கத்து ஊரில் யாரும் போகவில்லை. இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் நிறுத்துப் பார்த்து, போனதால் வித்தியாசம் உண்டா என்று அறிய வேண்டும். பலன் தெரிந்தால் இன்னும் பல ஊர்களுக்குத் தொண்டர்களைப் போடலாம் என்று சொன்னார். நல்ல மனிதர். பங்கர் வெட்டின மண்ணிலும் கொப்பியை விரித்து வைத்து எழுதுகிறவர்.

நாங்கள் எழுதிக் கொடுத்த அட்டைப் பதிவுகளைப் புரட்டி, “ஏழும் ஒழுங்காப் போன வீடு இது ஒண்டுதான். முதல்ல இங்க போவம்” என்றார்.

அப்படித்தான் நான் அந்தப் பலகையில் இருந்தேன்.

டொக்டர் தராசைக் கூரை வளையில் கொழுவி, பிள்ளையைத் துணித் தொட்டிலில் வைத்து நிறுத்தார். பிள்ளைக்கு நாலு மாதம். என் மச்சாளின் பிள்ளையின் பாதி போல இருந்தது. கழுத்து நிற்கவில்லை. கண்கள் மட்டும் பெரிதாக எங்களைப் பார்த்தன.

அவர் சிவப்புக்குள், நன்றாகக் கீழே, ஒரு புள்ளி வைத்தார். பிறகு எல்லாப் புள்ளிகளையும் கோட்டால் இணைத்தார். என்னுடைய ஏழும் படிப்படியாக ஏறிப்போய், எட்டாவது மரத்தால் விழுந்தது மாதிரிக் கிடந்தது.

“இவா எத்தினை தரம் வந்தவா?” என்று றீற்றாவைக் கேட்டார்.

“ஏழு தரம் டொக்டர்.”

“உள்ளுக்கு வந்து எல்லாம் காட்டித் தந்தவாவோ?”

“ஓம் டொக்டர். அந்தப் பலகையில இருந்துதான் காட்டித் தந்தவா.”

“போன மாதம் வரைக்கும் நல்லா வளர்ந்த பிள்ளை. ஒரு மாதத்துக்குள்ள இப்பிடிப் போறதெண்டா என்ன அர்த்தம்? என்ன குடுக்கிறீர்?”

“கஞ்சித்தண்ணி டொக்டர். பால் காணாது.”

டொக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளையைப் பார்த்த எவருக்கும் வந்திருக்கும்.

“ஏழு தரம் இந்த மனிசி வெயிலுக்குள்ள வந்து சொல்லியிருக்கிறா. நீர் ஒண்டையும் கேக்கேல்லை. உம்மட பிள்ளையில உமக்கு அக்கறை இல்லையோ?”

றீற்றா தலையைக் குனிந்தாள். “என்ர பிழைதான் டொக்டர்” என்றாள்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வசனம் போதும்: நான் உள்ளே வரவில்லை, அந்தப் புள்ளிகள் பொய். திறக்கவில்லை. அதைவிடக் கேவலம், டொக்டர் பேசி முடிந்ததும் நானும் தலையை ஆட்டினேன். சொல்லிக் கேளாத பெண்ணைப் பற்றி அலுத்துக்கொள்கிற ஒருத்தியின் தலையாட்டல். அந்தத் தலையாட்டலை றீற்றா பார்த்தாள்.

சறோ அக்கா கேட்டது

அடுத்த நாள் சறோ அக்கா அந்த வீட்டுக்குப் போனார். குசினிக்குள் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தாராம். பால் குறைந்த கதை எல்லாம் வெளியில் வந்துவிட்டது. பிள்ளை பிறந்த கிழமையே றீற்றாவுக்கு முலையில் வெடிப்பு வந்து, வீங்கி, நோவு தாங்காமல் ஒரு பக்கம் கொடுக்காமல் விட்டிருக்கிறாள். பால் குறைந்தது. சீனித்தண்ணியில் தொடங்கிக் கஞ்சித்தண்ணிக்கு வந்துவிட்டாள். பத்தாம் நாள் யாராவது பக்கத்தில் இருந்து பிள்ளையை அணைக்கிற விதத்தைத் திருத்தியிருந்தால் போதும், பாதி துன்பம் வந்திராது.

அன்று படலையில் அவள் துவாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றது ஏனென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒழுங்கையில் ஆண்கள் போக, வேலிக்கு மேலால் எந்தப் பெண் அதைச் சொல்லுவாள்?

“நீர் ஏழு தரம் போனதில ஒருக்காலும் இதைக் காணேல்லையோ?” என்று சறோ அக்கா என்னைக் கேட்டார்.

“அவ சொல்லேல்லை அக்கா.”

சறோ அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு வேலைக்கதை மட்டும்தான் கதைத்தார்.

பிள்ளையைச் சறோ அக்காவே பொறுப்பெடுத்தார். நாள்விட்டு நாள் போய், பாலைத் திரும்ப வரப்பண்ணி, சத்துமா கொடுத்துத் தேற்றினார். பிள்ளை பிழைத்தது. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

மாரி மழை தொடங்க முன்னர் பள்ளிக்கூடக் கொட்டிலில் கூட்டம் வைத்தார்கள். டொக்டர் தன் கொப்பியில் இருந்து வாசித்தார். வீடு தேடிப் போனதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றார். அதிகம் போன வீட்டுப் பிள்ளைதான் எல்லாரிலும் மோசமாக இருந்தது என்று, பெயர் சொல்லாமல், றீற்றாவின் வீட்டை எடுத்துக் காட்டினார். தாய்மார் கேட்டு நடக்காவிட்டால் தொண்டர் போய் என்ன, போகாமல் என்ன என்றார். இனி மாதம் ஒரு தரம் தாய்மார் கிளினிக்குக்கு வரட்டும் என்று முடிவானது. கிளினிக் நாலு கட்டைக்கு, நாலு மைலுக்கு அப்பால். றீற்றாவைப் போன்றவர்கள் கைப்பிள்ளையோடு அவ்வளவு தூரம் நடக்கமாட்டார்கள் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

என் ஒரு அட்டையால்தான் எல்லாம் நின்றது என்று சொன்னால் அதுவும் ஒரு பெருமையடிப்பு ஆகிவிடும். வேறு காரணங்களும் இருந்திருக்கும், வேறு படலைகளும் இருந்திருக்கும். ஆனால் காற்றில் துடக்குப் போய்விடும் என்று சொல்லிக் குசினிக்குள் போனவளும் அந்தக் கொட்டிலில்தான் இருந்தாள். தான் செய்தது வீண் என்று கேட்டுவிட்டு, அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாள். நான் அவளோடு கூடப் போய் ஆறுதல் சொன்னேன்.

ஒட்டுசுட்டானில் ஒரு காலை

பிறகு இடம்பெயர்வுகள். அவற்றைப் பற்றி முன்னைய கிழமைகளில் எழுதிவிட்டேன். நாங்களும் கிடுகு வீட்டுக்காரர் ஆனோம். எங்களுக்கும் தண்ணீர் அள்ளித்தர ஆளில்லாத நாட்கள் வந்தன. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தொண்டர் ஆசிரியராக இருந்தபோது, வருடத் தொடக்கத்தில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்த்தோம். பள்ளிக்கூட அதிபர் ஐயா மேசையில். பக்கத்துக் கதிரையில் நான், பெயர் எழுத.

வரிசையில் வந்தவள் றீற்றா. கையைப் பிடித்துக்கொண்டு மெலிந்த, துடியான ஒரு பெண் பிள்ளை.

“பிறப்புப் பத்திரம்?” என்றார் அதிபர்.

“அது இல்லை ஐயா. எல்லாம் ஓடேக்க விட்டிட்டம். இதுதான் இருக்கு.”

பொலித்தீன் பைக்குள்ளிருந்து அவள் எடுத்து வைத்தது அந்த வளர்ச்சி அட்டை. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் துணி வைத்து ஒட்டியிருந்தது. பிறந்த திகதி ஆஸ்பத்திரி எழுத்தில். கீழே பச்சைக்குள் ஏழு புள்ளி, ஏழு கையெழுத்து. மை கொஞ்சம் மங்கியிருந்தாலும் என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அதிபருக்கும் தெரிந்தது. “உங்கட கையெழுத்து மாதிரி இருக்கு ரீச்சர்?”

“ஓம் ஐயா.”

“அப்ப வேறை அத்தாட்சி என்னத்துக்கு? ஏழு தரம் பாத்தவா பக்கத்திலேயே இருக்கிறா.” பிள்ளையின் பெயரைப் பதிந்துகொண்டார்.

நான் எழும்பி றீற்றாவோடு வெளியே நடந்தேன். பள்ளிக்கூடப் படலையடி வந்த பிறகுதான் கேட்டேன். பிள்ளை கொஞ்சம் முன்னே, அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டு போனது.

“றீற்றா, டொக்டர் வந்த அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீர்? உண்மையைச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உங்களை நிப்பாட்டியிருப்பினம் அக்கா. பிறகு படலைக்கும் ஒருத்தரும் வரமாட்டினம்.” அவள் அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. அரிசி விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். “எனக்கு அப்ப கதைக்க ஒரு சனமும் இல்லை. நீங்கள் வாற நாளை எண்ணிக்கொண்டு இருப்பன். இண்டைக்கு உள்ளுக்கு வருவா, வந்தாச் சொல்லுவம் எண்டு அந்தப் பலகையைக் கழுவி வைப்பன்.”

“அந்தப் புள்ளியெல்லாம்…” என்று தொடங்கினேன்.

“தெரியும் அக்கா. தராசு உங்கட சைக்கிள்லதானே தொங்கினது.” பிறகு பிள்ளையை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். “அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சின்னனில தான் நல்ல கொழுகொழு எண்டு எல்லாருக்கும் அட்டையைக் காட்டித் திரியிறாள். அந்தச் சிவப்புப் புள்ளி டொக்டர் பிழையா வச்சது எண்டு சொல்லி வச்சிருக்கிறன்.”

பிள்ளை திரும்பி ஓடி வந்தது. அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்தது.

“ரீச்சர், இந்தப் பச்சைக்குள்ள இருக்கிற புள்ளியெல்லாம் நீங்களோ வச்சது?”

றீற்றா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் படலையைப் பிடித்துக்கொண்டு, “ஓம்” என்றேன்.